சரோஜா அக்கா மைக் முன்னால் உட்கார்ந்த நாள்

ஃபேனை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங் சுத்தமாக வரும். நிறுத்திய அடுத்த நிமிஷம் கழுத்தில் வியர்வை இறங்கும். சுவர் முழுக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகளிலிருந்து ஒரு பழைய காகித வாசனை... கீழே வடசேரி பஸ் ஸ்டாண்டில் யாராவது ஹாரன் அடித்துவிட்டால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

நான் மைக்கில் பேசிச் சம்பாதித்தவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. செல்லத்துரை அண்ணனின் மாடி ஸ்டுடியோவில் விளம்பரம் வாசிப்பதுதான் என் முதல் வேலை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கொடை விழா, கண்ணீர் அஞ்சலி... எல்லாவற்றுக்கும் என் குரல்தான்.

நாகர்கோவில் அப்போது நகராட்சி. மாநகராட்சி ஆகவில்லை. கவுன்சிலர் தேர்தல் வந்தது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூன்று பேர் நின்றார்கள். ஆட்டோவில் போடுகிற பிரசாரத்துக்கு மூன்று பேருக்கும் எங்கள் கடையில்தான் ரெக்கார்டிங்.

எனக்கோ அதுதான் முதல் ஓட்டு. மூன்று வேட்பாளர்களையும் பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு ஊரில் எனக்கு மட்டும்!

முதல் வேட்பாளர் வரவே இல்லை. கட்சிக்காரர் ஒருவர் நாலு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். மூன்றரைப் பக்கம் தலைவர்களின் பட்டங்கள். வேட்பாளர் பெயர் கடைசியில்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற டீச்சர். தனியாகவே வந்தார். நான் வாசிக்குமுன் பேனாவை வாங்கி, விட்டுப்போன ஒற்றுகளையெல்லாம் போட்டுத் தந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஓட்டு இவருக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

மூன்றாவது, சரோஜா அக்கா. சுயேச்சை. கூடவே கணவரும் வந்தார். முந்தைய ஐந்து வருஷமும் அவர்தான் எங்கள் கவுன்சிலர். வார்டு பெண்களுக்குப் போய்விட்டதால் மனைவியை நிறுத்தியிருந்தார். கொண்டுவந்த தாளில் வரிக்கு வரி அவர் பெயர். 'அவர்களின் அன்புத் துணைவியார்' என்று ஒரே ஒரு இடத்தில் அக்கா.

"அக்காவப் பத்தி ரெண்டு வரி சேத்துக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"அவளப் பத்தி என்ன இருக்கு? எழுதுனத வாசி மக்கா" என்றார் கணவர்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து கணவருக்குப் போன் வந்தது. அறைக்குள் சிக்னல் கிடைக்காது. பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

அப்போது அக்கா மெதுவாகச் சொன்னார்.

"அவரு மீட்டிங்குன்னு போயிருவாரு பிள்ளே. வீடு தேடி வாறவங்ககிட்ட மனு வாங்குகது நானாக்கும். மேட்டுத் தெருவுல தண்ணி ஏறாது. வால்வு திறக்க வாறவருக்குப் போன் போடுகது நான். விதவை பென்ஷனுக்கு என்ன பேப்பர் வேணும், எந்த மேசையில குடுக்கணும்... எல்லாம் நான்தான் சொல்லி அனுப்புகேன். கையெழுத்து மட்டும் அவருக்கது."

"இதையே மைக்ல சொல்லுங்கக்கா."

"நானா? ஒன்ன மாதிரி செந்தமிழ் எனக்கு வராதே..."

"அது வேண்டாம். இப்ப எங்கிட்ட பேசுனது மாதிரி பேசுங்க."

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். முதல் இரண்டு வரிகளில் குரல் நடுங்கியது. பிறகு எந்தத் தெருவில் எந்தக் குழாய், எந்தச் சாக்கடை ஓடை, எந்த விளக்கு என்று பேசப் பேச... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்லத்துரை அண்ணன் அசையாமல் நின்று கேட்டார்.

கணவர் திரும்பி வந்ததும் போட்டுக் காட்டினோம். முகம் இருண்டுபோனது.

"எனக்க பேரு எங்க?"

அக்காவைப் பார்க்காமல் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"அத அழிச்சிரும் செல்லத்துரை. இல்லேன்னா எனக்க ஆளு ஒருத்தனும் இனி இந்தப் படி ஏற மாட்டான்."

கடைக்கு வருகிற வேலையில் பாதி அவர் சொல்லித்தான் வந்துகொண்டிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். என் கை மௌஸில் இருந்தது. அழிக்கச் சொன்னால் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அழிக்காண்டாம்" என்றார் சரோஜா அக்கா. குரலை உயர்த்தவில்லை. "நாமினேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது நான் இல்லியா? இதுதான் ஓடணும்."

கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். அக்கா பென்டிரைவை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அது ஆட்டோவில் ஏறுமா, போகிற வழியில் சாக்கடையில் விழுமா... எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"ஏட்டி, இது சரோஜாவுக்க சத்தமில்லியா? நம்ம தெருக் குழாயப் பத்தில்லா பேசுகா!"

எல்லா வீட்டு வாசலிலும் பெண்கள் நின்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நாலாம் நாள் கணவர் ஸ்டுடியோ படியேறி வந்தார்.

"இன்னும் ரெண்டு காப்பி போடு மக்கா" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல். "சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வை. கடைசித் தெரு வரைக்கும் கேக்கணும்."

மற்ற இருவருக்கும் நான் குறை வைக்கவில்லை. பட்டங்கள் ஒன்றுவிடாமல், ஒற்றுகள் ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஓட்டு மட்டும் சரோஜா அக்காவுக்கு. டீச்சர் மன்னிக்க வேண்டும்.

அக்கா ஜெயித்தார். ஐந்து வருஷமும் மனுக்களில் அவர் கையெழுத்துதான் இருந்தது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறியது.

இப்போது நாங்கள் மாநகராட்சி. போன தேர்தலில் வேட்பாளர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தார்கள். ட்ரோன் ஷாட், அதிரும் இசை, கும்பிட்டபடி நடந்து வருகிற பெண்கள்... முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒருவர் குரலும் கேட்கவில்லை.

பொறுக்க முடியாமல் எங்கள் வார்டுப் பெண் வேட்பாளர் ஒருவரின் நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஓர் ஆண் எடுத்தார்.

"என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிக்கிடுகேன்."

"ஓட்டு கேக்கது அவங்கதானே... அவங்களே பேசட்டும்" என்றேன்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு இளம் குரல், "சொல்லுங்கக்கா" என்றது. எங்கள் தெரு ஓடையைப் பற்றிக் கேட்டேன். எந்த வளைவில் அடைக்கும், ஏன் அடைக்கும் என்று அவள் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

கால் மணி நேரம் பேசினோம். நன்றாகத்தான் பேசினாள்.