கேஸ் தீர்ந்துபோன ட்ரெய்லர்

ஏசி என்றாலே கேஸ் என்பார்கள். குளிர் வரவில்லையா, கேஸ் போச்சு. சத்தம் வருகிறதா, அதற்கும் கேஸ் போச்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மத்திகிரி கூட்ரோடு பக்கம் தகரக் கொட்டகை போட்டு வண்டி ஏசி வேலை பார்த்தேன். வருகிறவர்களில் பாதிப் பேர் நோயையும் மருந்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்கே தெரியும் என்றால் என்னிடம் எதற்கு வந்தாய்?

கேஸ் என்பது டீசல் மாதிரி எரிந்து தீருகிற சாமான் இல்லை. குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. எங்காவது கசிந்தால்தான் குறையும். இதை விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, “சரி, கேஸ் போட எவ்வளவு நேரமாவும்?” என்பார்கள்.

அந்த ட்ரெய்லர் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி. ஓசூர் ஃபேக்டரிகளிலிருந்து பெரிய மெஷின்களை மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும். ஏசி கேபின் வைத்த லாரி எனக்குத் தெரிந்து அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். ஓட்டியவர் கிருஷ்ணகிரிக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். அன்றைக்கு அவரோடு முதலாளியும் வந்தார். கூடவே இன்னொரு டிரைவர், கையில் துணிப்பையோடு.

“ரெண்டு தடவ கேஸ் போட்டாச்சு,” என்றார் முதலாளி. “இந்தாளு வாலாஜாவுல வண்டிய ஓரங்கட்டிட்டு, ஏசியப் போட்டுத் தூங்கறான். கேஸ் பூரா தீந்துபோவுது. சாயங்காலம் லோடு இருக்குது. நீ கேஸ் போட்டுக் குடு, இவன் எடுத்துட்டுப் போவட்டும்.” துணிப்பைக்காரரைக் கை காட்டினார். “பாய் ஜல்லி வண்டிக்கே போவட்டும்.”

ஜல்லி வண்டி என்றால் நாள் முழுக்கக் குவாரித் தூசி, பள்ளம், இடுப்பு வலி. அதிலிருந்து ட்ரெய்லருக்கு ஏற பாய் பல வருஷம் காத்திருந்தவர்.

மத்தியானம் வருவதாகச் சொல்லி முதலாளி போய்விட்டார். துணிப்பைக்காரர் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தார்.

குழாயில் அழுத்தம் காட்டுகிற கேஜ் மாட்டினேன். ஒரு முள் அடியில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் முன்னால் இரண்டு பேர் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். இன்னொரு முள் இருக்க வேண்டியதற்கு மேலே ஏறியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. கேபினிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்புகிற குழாய் முழுக்கப் பனி கட்டியிருந்தது. ஆக, குளிர் உள்ளே இருக்கிறது, ஆளிடம் வந்து சேரவில்லை. ஏறி உட்கார்ந்து, காற்றைத் தள்ளுகிற ப்ளோயரை முழு வேகத்தில் வைத்தேன். உறுமியது. பீடிக்கட்டுத் தாளைக் கிழித்துக் காற்று வருகிற ஓட்டைக்கு முன்னால் பிடித்தேன். தாள் அசையவில்லை.

காற்றை எங்கேயிருந்து இழுக்கிறது என்று குனிந்து தேடினேன். இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் காற்று உள்ளே போக ஒரு கம்பி ஜாலி. ஜாலியை ஒட்டி ஒரு பித்தளைத் தூபக்கால்.

“இது எதுக்கு பாய்?”

“தெனம் காலைல மொதலாளி சாம்பிராணி போடச் சொல்லியிருக்காருங்க. வெள்ளிக்கெழம அவரே வந்து போடுவாரு.”

“கதவத் தொறந்து வெச்சா?”

“மூடித்தான். ஏசியும் ஓடணும். பொகை எல்லா ஓட்டைலயும் வரணும்பாரு. வந்தா அவருக்கு ஒரு சந்தோஷம்.”

“நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“என்னன்னு சொல்றதுங்க? நீ பாய் இல்லியா, அதான் எங்க சாமிக்குப் போடற பொகை உனக்கு ஆவலைன்னுவாரு. எங்க ஊட்லயுந்தான் சாம்பிராணி போடறோம். ஏசிக்குள்ள போட்டதில்ல.”

டேஷ்போர்டுக்கு அடியில் இருந்த ஏசிப் பெட்டியைத் திறந்தேன். குளிர் உண்டாக்கும் குழாய்ச் சுருளில் தகடு எதுவும் தெரியவில்லை. தார் பூசியது போலக் கறுப்புப் பிசின், அதன் மேல் விபூதி, காய்ந்த மல்லிகை. திறந்ததும் கோயில் வாசம் அடித்தது.

பாய் பார்த்ததும் பயந்துவிட்டார். “அண்ணா, கழுவிடுங்க. கேஸ்னே சொல்லிடுங்க. அவரு போட்ட பொகையாலன்னு சொன்னா என்னைய ஜல்லி வண்டிலகூட வெக்க மாட்டாரு.”

“கேஸ்னு சொன்னா நீ தூங்கித் தீத்ததா ஆயிடும். அப்ப மட்டும் இந்த வண்டி உனக்குக் கெடைக்குமா?”

நான் சுருளில் கை வைக்காமல் விட்டேன். முதலாளி வந்து பார்க்கட்டும்.

வந்தார், குனிந்தார், மோந்து பார்த்தார். “இது நம்ம சாம்பிராணியா?”

“வேற யாருது? நீங்க ஏத்துன கேஸெல்லாம் உள்ளாறதான் இருக்குது, தேவைக்கு மேல. அத நான் எறக்கணும். இவரு தூங்குனதுல எதுவும் தீரல.”

“சாமிக்குப் போட்டது கெடுதல் பண்ணுமா?”

“சாமிக்குப் போடுங்க. ஏசிக்கு எதுக்குப் போடறீங்க?”

டீக்கடையிலிருந்து எழுந்து வந்து நின்ற துணிப்பைக்காரர் சிரித்துவிட்டார். முதலாளி திரும்பினார்.

“உனக்கென்னடா சிரிப்பு? போ, போயி ஜல்லி வண்டிய எடு.”

அப்படித்தான் ட்ரெய்லர் பாய்க்கே திரும்பியது. நான் சொன்ன காரணத்தால் பாதி, அந்தச் சிரிப்பால் பாதி. சாவியை என் மேஜை மேல் வைத்து, “சாயங்காலம் லோடு, மறந்துடாத,” என்று பாயிடம் சொல்லிவிட்டு முதலாளி போனார். தப்பாகப் பேசிவிட்டேன் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பாய் அதற்குள் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

சுருளைக் கழுவி, கூடுதல் கேஸை இறக்கி, திரும்பவும் தாளைப் பிடித்தேன். கையை விட்டுப் பறந்து பின் கண்ணாடியில் மோதியது. பாய் வண்டியில் ஏறுவதற்கு முன் தூபக்காலை எடுத்து வந்து என் கொட்டகை ஓரத்தில் வைத்தார்.

“கேட்டாருன்னா, கழட்டறப்ப இங்கயே நின்னுபோச்சுன்னு சொல்லிக்கிறேன்.”

யாரும் கேட்டு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அதில் வாஷர் போட்டு வைத்தேன்.