விஸ்கியில் சீனி இல்லை

எனக்கு நீரிழிவு இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் ஒஸ்லோவில் என்னைத் தெரிந்த தமிழர்கள் எல்லோரும் நான் சலரோகக்காரன் என்றே நம்பியிருந்தார்கள். அந்த நோயை எனக்குத் தந்தவர் என் மனைவி.

உத்தியோக காலம் முழுவதும் நகரசபையின் சமூக உதவிப் பிரிவில் இருந்தவன் நான். குடியிலிருந்தோ போதை மருந்திலிருந்தோ மீள நினைப்பவர் முதலில் யாரிடம் போக வேண்டும், குடும்ப வைத்தியர் எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும், மறுத்தால் எங்கே முறையிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற பிறகு என் குடி காலையிலேயே தொடங்கும் நிலைக்கு வந்தது. ஒருநாள் நானே வைத்தியர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவருக்கு அதிகம் வேலை வைக்கவில்லை. பரிந்துரையில் என்ன எழுத வேண்டும் என்று வசனம் வசனமாகச் சொன்னேன். அவர் தட்டச்சு செய்தார். இரண்டாவது பந்தியில் ஒரு திருத்தமும் சொன்னேன்.

சிகிச்சை நிலையம் நகரத்துக்கு வெளியே, காட்டோரமாக இருந்தது. நான் அங்கே தங்கியிருந்தபோது, வீட்டுக்குத் தொலைபேசியில் விசாரித்தவர்களுக்கெல்லாம் மனைவி ஒரே பதிலைச் சொன்னார்: "அவருக்குச் சீனி சரியாக் கூடிப்போச்சுது. ஆசுப்பத்திரி வாட்டிலை மறிச்சுப்போட்டினம்."

நல்ல பொய். யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் வயதில் சீனி வருத்தம் இல்லாதவனைத்தான் சந்தேகிப்பார்கள். குடியை விட்டதற்கும் அதுவே காரணமாகிவிடும். மனைவி இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னார். ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை. குடியை விட்ட உடம்பு இனிப்புக்கு அலையும். சிகிச்சை நிலையத்தில் எல்லோருடைய சட்டைப்பையிலும் மிட்டாய் இருந்தது. ஹெரோயினை விட்ட ஒரு பெரிய மீசைக்காரர் சிறுபிள்ளைபோல நாள் முழுக்கச் சூப்பிக்கொண்டிருப்பார்.

வீடு திரும்பியபின், நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவா வட்டாரத்தில் நான் சொக்கலேட்டை ஒளித்துத் தின்றேன். முன்பு போத்தலை எப்படி ஒளித்தேனோ அதே முறைதான். தமிழர் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டு உறையைப் பிரிப்பேன். அது தவிர, எதிலும் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. தொலைக்காட்சி போட்டால் எழும்பத் தோன்றும், எழும்பினால் போவதற்கு இடமில்லை. எங்கள் கட்டடத்தின் சலவை அறை விதிகளைப் படித்து, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு இடங்களைக் கண்டுபிடித்து நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன். அவர்கள் நன்றி சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் மனைவியின் தம்பி மகளுக்குச் சாமத்தியவீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, வந்தது.

பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இந்த மண்டபங்களின் வாடகை நிபந்தனையில், வளவுக்குள் மதுபானம் கூடாது என்று தெளிவாக இருக்கும். அதனால் எங்கள் ஆண்கள் காரை வளவுக்கு வெளியே, வேலியோரமாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்துக் குடிப்பார்கள். நிபந்தனையை வாசித்து, எல்லை எதுவரை என்று அவர்களுக்குக் காட்டியவன் நானேதான். இன்றும் யாரும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. சட்டத்தை மதிக்கிற சமூகம்.

மனைவி அன்று மாமி முறைக்காரி. ஆலத்தி எடுப்பதிலிருந்து எல்லாம் அவர் பொறுப்பு. மேடையில் பட்டுச் சேலையில் நின்று எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தார். நான் கதிரையில் இருந்தேன், எழும்பினேன், கோப்பி எடுத்தேன், சுவரில் இருந்த தீயணைப்பு வரைபடத்தை முழுதாகப் படித்தேன். கேக் வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஒரு துண்டு என் தட்டுக்கு வந்தது. வாயருகே கொண்டுபோகும்போது மச்சான், பெண்ணின் தகப்பன், ஓடி வந்து தட்டையே பறித்தான்.

"அத்தான், உங்களுக்கு உது சரிவராது. அக்கா கண்டா என்னைத்தான் பேசுவா. வடை எடுங்கோ."

கேக் போன பிறகு உள்ளே இருக்க முடியவில்லை. கொஞ்சம் காற்றுப்பட நிற்கலாம் என்று வெளியே போனேன். கால்கள் பழக்கப்பட்ட பக்கமாக, வேலியோரம் போயின.

பக்கத்து நகரமான திராமனிலிருந்து வந்த நண்பர் டிக்கியருகே நின்றார். என்னைவிட இளையவர், பழைய கூட்டாளி.

"அண்ணை! என்ன ஒதுங்கி நிக்கிறியள்? இஞ்சாலை வாங்கோ."

"வேண்டாம் தம்பி. சும்மா காத்து வாங்க வந்தனான்."

"காத்து நோர்வேயிலை வரியில்லாமல் கிடைக்குது, அதைப் பிறகு வாங்கலாம்."

பின்னால் வந்த மச்சான் எனக்காகப் பரிந்து பேசினான். "அத்தானை விடு. அவருக்குச் சீனி."

"அதுக்கென்ன? விஸ்கியிலை சீனி இல்லை. பியர்தான் கூடாது. எனக்கும் சீனிதான், நான் குடிக்கேல்லையே? டொக்டரிட்டையும் கேட்டனான்."

"டொக்டர் குடிக்கச் சொன்னவரோ?"

"குடிக்காதை எண்டு சொல்லேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் டிக்கிக்குள் குனிந்து ஒரு தனிப் பையை எடுத்தார். "பாருங்கோ அண்ணை, சீனியில்லாத கோலா. நீங்கள் வருவியள் எண்டு உங்களுக்கெண்டே வாங்கினனான்." விஸ்கியை ஊற்றி, கோலாவையும் விட்டு, கடதாசிக் குவளையை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

மறுப்பது எப்படி என்று சிகிச்சை நிலையத்தில் பழக்கியிருந்தார்கள். ஒருவர் ஊற்றிக் கொடுப்பவராக நடிப்பார், மற்றவர் "வேண்டாம், நன்றி" என்பார். எனக்கு வாய்த்த நோர்வேஜியர் முதல் தடவையே "அப்படியா, சரி" என்று போய்விட்டார். நான் மிக நன்றாகச் செய்ததாகப் பாராட்டு வேறு. உங்கள் மேல் அன்பு வைத்து, உங்கள் நோய்க்கென்று தனியாகக் கோலா வாங்கி வருகிற யாழ்ப்பாணத்தவனை எப்படி மறுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியாது.

குவளையின் மணம் மூக்கில் ஏறியது. ஒன்று குடித்தால் இரண்டாவதை நானே ஊற்றுவேன். இன்று சனி மாலையும் நாளை ஞாயிறும் அரச மதுக்கடை பூட்டு என்பதால் இன்றைக்கே யாரிடமாவது மிச்சப் போத்தலைக் கேட்டு வாங்குவேன். திங்கட்கிழமை கடை திறக்கும்போது வாசலில் நிற்பேன். இந்த நடைமுறையும் எனக்கு மனப்பாடம். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மேடையில் நிற்கிற மனைவி இந்த மண்டபத்துக்கே பொய்க்காரியாகிவிடுவார்.

குவளையைக் காரின் கூரையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்கு. ஓடினேன். நேரே பலகார மேசைக்குப் போய் ஒரு லட்டை எடுத்து முழுதாக வாயில் போட்டேன். விழுங்குவதற்குள் இன்னொன்று.

"ஐயோ, அண்ணைக்குச் சீனியல்லோ!" என்று ஒரு பெண் கத்தினார். மச்சான் நான் வைத்துவிட்டு வந்த குவளையும் கையுமாக, எல்லையையும் மறந்து, ஓடி வந்தான். "அத்தான், வையுங்கோ! மயங்கி விழப்போறியள்!" பின்னால் வந்த நண்பர் தொலைபேசியை எடுத்துவிட்டார். "அம்புலன்சுக்கு அடிக்கட்டோ?"

"அடியாதையும்," என்றேன், வாய் நிறைய லட்டுடன். "எனக்குச் சீனி இல்லை."

"பின்னை?"

வாரம்தோறும் குடியை விட்டவர்களின் கூட்டத்தில் நான் சொல்கிற வசனம் நோர்வேஜிய மொழியில் தயாராக இருந்தது. அங்கே அதைச் சொன்னால் தலையாட்டிக் கோப்பி தருவார்கள். இங்கே சுற்றி நின்றவர்கள் என் கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

"நான் குடிகாரன். விட்டிருக்கிறன். ஒண்டு குடிச்சா என்னாலை நிப்பாட்ட ஏலாது."

ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. நண்பர் மெதுவாகக் கேட்டார். "அப்ப, அந்தச் சீனி?"

"அது நான் சொன்னது."

மனைவி மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஆலத்தித் தட்டு இன்னும் கையில் இருந்தது.

"நான்தான் சொன்னனான். இப்ப என்ன?"

மாமி முறைக்காரியிடம் அன்றைக்கு யார் வாய் திறப்பது? மச்சான் தன் கையிலிருந்த குவளையைப் பார்த்தான், எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நண்பர் அதை வாங்கி, ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டார். "கோலா கூடிப்போச்சு," என்றார். ஒருவர் சிரித்தார், பிறகு இரண்டு பேர். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் எங்களுக்கு விடை சொல்லாமலே போனார்கள். மனைவி கடைசிவரை நின்று, எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

காருக்குள் ஏறியும் அவர் உடனே சாவியைத் திருப்பவில்லை.

"முகத்திலை அடிச்ச மாதிரிப் போச்சுது," என்றார்.

"தெரியும்."

"எனக்கு முதல்லை சொல்லியிருக்கலாம்."

"எனக்கே முதல்லை தெரியாது."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்பவும் ஆசை இருக்கோ?"

"ஓம்."

"எப்ப போகும்?"

விண்ணப்பம் எந்த மேசையில் எவ்வளவு காலம் கிடக்கும் என்று ஒரு நகரத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"தெரியாது," என்றேன்.

"சரி," என்று அவர் காரை எடுத்தார். "பெல்ட்டைப் போடுங்கோ."