ஆண் ஈக்கள் மட்டும் போதாது

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னப் பழ ஈக்கள் பட்டினியையும் நஞ்சையும் எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பதுதான் வேலை.

"ஆண் ஈயை மட்டும் எடுத்துக்குங்கம்மா," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். "பெண் ஈன்னா இணை சேர்ந்ததா, முட்டை வெச்சிருக்கான்னு ஆயிரம் தொல்லை. முடிவு குழம்பிடும்."

எனக்கு அது சரியென்றே பட்டது. என்னோடு சேர்ந்திருந்த தோழிக்குப் படவில்லை. சிங்கப்பெருமாள் கோயில்காரி. அவள் வீட்டில் அவளுக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

"பாதி ஈயை வுட்டுட்டு இன்னா சார் ஆராய்ச்சி?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவர் சிரித்தார். "கஷ்டம் உங்களுக்குத்தான்."

கஷ்டம்தான். இணை சேராத பெண் ஈ வேண்டுமென்றால், அது கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்துக்குள் ஆண்களிடமிருந்து பிரித்துவிட வேண்டும். காலையில் அவள் முதல் ரயிலில் வந்து பிரிப்பாள். சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வரும் நான் சாயங்காலம் இருந்து பிரிப்பேன்.

பட்டினிச் சோதனையில் ஆண் ஈக்கள் முதலில் செத்து விழுந்தன. இணை சேர்ந்த பெண்களின் சத்தெல்லாம் முட்டைக்கே போய்விடும், அவையும் சீக்கிரம் விழும் என்று நினைத்திருந்தோம். இணை சேராதவை செத்த பிறகும் அவை கண்ணாடிக் குழாயில் ஊர்ந்துகொண்டிருந்தன. மறுபடி செய்தோம். அப்படியேதான்.

அந்தச் சமயத்தில் ஒருநாள், ஈக்களை மயக்க ஈதர் பாட்டிலைத் திறந்ததும் அவள் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மாசமாக இருக்கிறாள் என்று அப்போதுதான் சொன்னாள். அவள் கணவருக்கு மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவர்களுக்கு இது முதல் குழந்தை. ஈதரை விட்டுவிட்டு, ஐஸ் மேல் குழாயை வைத்து ஈக்களை மயக்கப் பழகிக்கொண்டோம்.

அடுத்தது நஞ்சுச் சோதனை. சர்க்கரைத் தண்ணீரில் களைக்கொல்லி கலந்து கொடுக்க வேண்டும். அந்த அறைக்கே வராதே என்றேன். சண்டை போடாமல் கேட்டுக்கொண்டாள். முடிவு தலைகீழாக வந்தது. பட்டினியை அதிகம் தாங்கிய, இணை சேர்ந்த பெண் ஈக்களே இதில் முதலில் செத்தன. அதை அவளிடம் சொல்லும்போது என் கண் அவள் வயிற்றுப் பக்கம் போய்விட்டது.

"இன்னாடி அங்க பாக்குற? நான் ஈ இல்ல," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த எறும்பளவு ஈயிடம் ஜோசியம் போல அவளுக்குப் பலன் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது அவளையே. "பயமா இருக்கா?" என்றேன்.

"கீது. பயம்னு வூட்ல சொன்னா ஆராய்ச்சிய வுட சொல்வாங்க. அதான் சொல்லல."

அதற்குப் பிறகு தினமும் விசாரித்தேன். பேராசிரியர் ஒரு வருஷம் லீவு எடுக்கச் சொன்னபோது, "முடியலைன்னா நானே சொல்றேன் சார்," என்றாள். எட்டாம் மாதம் வரை உட்கார்ந்தபடி ஈ பிரித்தாள். பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பல் முளைக்கும்போது திரும்பி வந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்கள் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளிடம், "ஒரே வரியில சொல்லுங்க, பெண் ஈ வலுவானதா, இல்லையா?" என்று கேட்டார்.

"எந்த நிலையில இருக்கிற பெண் ஈ, எந்தக் கஷ்டத்துலன்னு கேட்டீங்கன்னா சொல்லலாம் சார்," என்றாள். ஒரு வரி போதவில்லை. அரைமணி நேரம் பேசினாள். அவரும் குறுக்கிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் மகளையும் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போனோம். குழந்தை அலையைப் பார்த்துப் பயப்படுவாள் என்று இருவருமே நினைத்தோம். அவளோ கையை உதறிக்கொண்டு நேரே தண்ணீருக்குள் ஓடினாள். பின்னால் ஓடிப் பிடித்ததில் எங்கள் புடவை முழங்கால் வரை நனைந்து, பஸ்ஸில் வழி முழுக்க ஈரத்தோடே நின்றுகொண்டு வந்தோம்.