அப்டேட் செய்ததும் வெளுத்துப்போன பொம்மைப் பட்டியல்

விருத்தாசலத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். பீங்கான் பொம்மை செய்யும் பர்வீன் அக்காவுக்கு கேட்லாக் போட்டபோது, அவர் கொடுத்த எக்ஸெல் அளவுப் பட்டியலை, அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்படி கேட்லாக் பக்கத்தோடு லிங்க் செய்தேன். பிறகு வரிசைக்கு வரிசை நீலமும் மஞ்சளுமாக, ஒவ்வொரு கட்டமாக நானே நிறம் கொடுத்தேன்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் நேரத்தில் அக்கா ஓடி வந்தார். "நான் குடுத்தது பச்சை மண்ணுல எடுத்த அளவும்மா. வெந்ததும் சுருங்கிடுச்சு. எக்ஸெல்ல மாத்திட்டேன், நீயும் மாத்திடு. சாயங்காலம் எக்ஸிபிஷனுக்கு பஸ்ஸு ஏறணும்."

லிங்கை அப்டேட் செய்தேன். அளவு மாறியது. ஆனால் நான் கையால் கொடுத்த நிறம், கோடு, எழுத்து வடிவம் அத்தனையும் போய், பட்டியல் வெறும் வெள்ளையாக நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சுடாத பொம்மை மழையில நனைஞ்ச மாதிரி இருக்குது?"

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு அன்டூ கொடுத்தேன். நல்லவேளை, பழையது திரும்பியது. புது அளவுகளைக் கையாலேயே அடித்து அனுப்பினேன்.

இப்போது எந்தப் பட்டியலானாலும் நிறமும் கோடும் கட்டம் கட்டமாகக் கையால் இல்லை, மொத்தமாகச் சேமித்து வைக்கும் டேபிள் ஸ்டைலில்தான். லிங்க் செய்யும்போதே அந்த ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அப்டேட் செய்தும் பார்த்துவிடுவேன்.

போன வாரம் அக்கா மறுபடி அளவை மாற்றினார். அப்டேட் செய்தேன், ஒரு கோடுகூட அசையவில்லை. "இது சூளைக்குப் போயிட்டு வந்ததுக்கா" என்றேன்.