சின்னப்பன் மூடிய டின்கள்

அந்த சீலண்ட் டின்னைத் திறந்து போட்டவன் நான். பழி சின்னப்பன்மேல் விழும்படி முதலாளியிடம் ஒரு வாக்கியம் சொன்னவனும் நான்தான். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு மனிதரின் வேலை போயிற்று.

பெயிண்ட் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், திறந்த டின்னைக் கெடாமல் வைப்பது எப்படி என்று என்னிடம் கேட்பதுண்டு. அதைச் சொல்ல உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டுச் சொல்ல முடிவதில்லை.

ஸ்டோர்

எண்பதுகளின் தொடக்கம். தருமபுரியில் சேலம் ரோட்டை ஒட்டி, பஸ்ஸுக்கும் வேனுக்கும் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு எனக்கு. வேதியியலில் பி.எஸ்சி. முடித்திருந்ததால் எல்லோரும் என்னை 'ஸ்டோர் சார்' என்றார்கள். பெயிண்ட், தின்னர், பள்ளம் நிரப்பும் பட்டி, இடுக்கை அடைக்கும் சீலண்ட் எல்லாம் தகரக் கூரை போட்ட ஓர் அறையில் இருந்தன. நான் போவதற்கு முன்பு அங்கே பாதி டின்கள் காய்ந்து குப்பைக்குத்தான் போகும்.

பெயிண்ட் காய்வதும் சீலண்ட் இறுகுவதும் ஒன்றல்ல. ஸ்ப்ரே அடிக்கும் என்.சி. பெயிண்ட், தின்னர் ஆவியாகிப் போவதால் காய்கிறது. தின்னரை ஊற்றிக் கலக்கினால் பெரும்பாலும் இளகிவிடும். எனாமல் காற்றோடு சேர்ந்து மேலே ஆடை கட்டும். ஆடையை எடுத்துவிட்டு வடிகட்டினால் அடியில் இருப்பது உதவும். எங்களிடம் இருந்த சீலண்டுக்கு இந்த இரக்கம் கிடையாது. காற்றிலுள்ள ஈரம் பட்டு ஒருமுறை இறுகிவிட்டால் ரப்பர்தான். எந்த தின்னரும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

இதையெல்லாம் படித்தவன் என்பதால் ஸ்டோருக்குச் சில விதிகள் வைத்தேன். மூடும் முன் டின்னின் விளிம்புப் பள்ளத்தைத் துடைக்க வேண்டும். அங்கே பெயிண்ட் இருந்தால் மூடி உட்காராது. மூடிமேல் பலகை வைத்துச் சுற்றிலும் தட்ட வேண்டும். சுத்தியலால் நேராக அடித்தால் மூடி வளைந்துவிடும். சீலண்ட் டியூபின் மூக்கில் நீள ஆணி செருகி டேப் சுற்ற வேண்டும். சின்னக் கீறல்களை மறைக்கும் டச்சப்புக்கு வரும் ஸ்ப்ரே டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்திவிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு அடைத்துக்கொள்ளும். எதையும் கம்ப்ரசர் பக்கமோ வெயில் படும் சுவர் பக்கமோ வைக்கக் கூடாது.

சின்னப்பன் எங்கள் ஸ்ப்ரே பெயிண்டர். என்னைவிட மூத்தவர். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்ப்ரே கன் பிடிக்க வந்தவர். அவர் வாய்க்குத் தப்பியவர் பட்டறையில் யாரும் இல்லை, முதலாளி உட்பட.

"சார், வூட்ல சோத்துக் குண்டானையும் பலக வெச்சித் தட்டித்தான் மூடுவீங்களா?" என்பார்.

"கிண்டல் பண்ணாம மூடுங்கண்ணே."

"மூடறங்க, மூடறங்க. உங்க அம்மணி பாவந்தான்."

இப்படிப் பேசுவாரே தவிர, என் விதிகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வாக்கியம்

ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கண் சிகிச்சை முகாம் வேன் கட்டும் வேலை வந்தது. முதலாளிக்கு அது கௌரவமான ஆர்டர். கூரை இணைப்புகளில் ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது என்று பெங்களூரில் தெரிந்தவரைப் பிடித்து ஒரு டின் சீலண்ட் வாங்கி வந்தார். சனிக்கிழமை சின்னப்பன் ஒரு பக்கத்துக் கூரையை முடித்தார். மறுபக்கத்துக்கு வேண்டிய மீதியை மூடி என்னிடம் கொடுத்தார்.

என் வாடகை வீட்டில் சிமெண்ட் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, அந்த டின்னைத் திறந்து ஓர் உருண்டை அளவு எடுத்து இலையில் கட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மூடியைக் கையால் ஒரு பக்கம் அழுத்திவிட்டு ஓடினேன். மறுபக்கம் தூக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன். ஞாயிறோடு பண்டிகை விடுமுறையும் சேர்ந்து வந்தது. ஊரில் மழையும் பிடித்துக்கொண்டது.

வேலைக்குத் திரும்பிய காலையில் டின்னுக்குள் கையைவிட்ட சின்னப்பன் அதைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை. முதலாளி விரலால் குத்திப் பார்த்தார்.

"யாருய்யா தொறந்து வெச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டோர் சாவி என்னிடம் இருந்ததால் பார்த்தார்கள், சந்தேகத்தால் அல்ல. நான் சொன்னேன்:

"கடைசியா எடுத்தது சின்னப்பண்ணன்தாங்க."

அவர் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "நான் மூடித்தான் குடுத்தங்க" என்று முதலாளியிடம் சொன்னார். அவ்வளவு வாயாடி, முதலாளியிடம் அதற்கு மேல் வாதாடவில்லை. முதலாளிக்கு அவர்மேல் ஏற்கெனவே இருந்த கோபமெல்லாம் சேர்ந்து வந்தது.

"வாய் மட்டும் நல்லா மூடாம வெச்சிருக்க. டின்னையும் அப்பிடியே வெச்சிட்ட. கணக்க முடிச்சிக்கிட்டுக் கெளம்பு."

அன்று மதியம் வரை

சின்னப்பன் உடனே கிளம்பவில்லை. ஸ்டோருக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். திட்டுவார், அடிக்கவும் செய்வார் என்று நினைத்தேன்.

"நவுருங்க சார்" என்றார்.

ஸ்டோரில் திறந்து பாதி எடுத்த டின்கள் எத்தனை இருந்தனவோ அத்தனையையும் கீழே இறக்கினார். வேஸ்ட் துணியில் தின்னர் நனைத்து ஒவ்வொரு விளிம்பையும் துடைத்தார். எனாமலின் மேல் துளி டர்பன்டைன் விட்டார். பெரிய டின்களுக்கு பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் பெயிண்ட் மேலேயே படுக்க வைத்தார். அது என் விதியில் இல்லாதது. பலகை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினார். சின்ன டின்களை மட்டும் கவிழ்த்து அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் ஒரு சிலுவைக் குறி போட்டார். மூடுகிற சத்தம் மதியம்வரை பட்டறை முழுவதும் கேட்டது. யாரும் ஸ்டோர் பக்கம் வரவில்லை.

கடைசி டின்னை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தினியும் நான் மூடுனதுங்க. குறி போட்டிருக்கறன். நீங்களே தொறங்க, எப்ப வேணா தொறங்க. என்னிக்கு ஒன்னு காஞ்சி கெடக்குதோ, அன்னிக்குச் சொல்லுங்க சின்னப்பன் மூடி போடத் தெரியாதவன்னு. அதுவரைக்கும் சொல்லாதீங்க."

போய்விட்டார்.

ஒவ்வொரு டின்னாக

அதன் பிறகு என் வேலையே அந்த டின்களைத் திறப்பதாகிவிட்டது. ஒரு வேனுக்கு நீலம் வேண்டும் என்பார்கள். குறி போட்ட டின்னை எடுப்பேன். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் வைத்து நெம்புவேன். மூடி 'டப்' என்று திறக்கும். உள்ளே பெயிண்ட் அன்றைக்குக் கடையில் உடைத்தது போல இருக்கும். மாதங்கள் போயின. கோடை வந்து தகரக் கூரை கொதித்தது. மஞ்சள் திறந்தேன், பச்சை திறந்தேன். எதிலும் ஒரு கட்டி இல்லை. ஒரு சிறிய டின்னில் அடியில் கையளவு க்ரீம் நிறம்தான் மிச்சமிருந்தது. அவ்வளவு காற்று நிரம்பிய டின்னில் அவ்வளவு கொஞ்சம் பெயிண்ட் பிழைப்பது கடினம் என்று நான் படித்திருக்கிறேன். அது பால் மாதிரி ஒழுகியது.

எனக்கு அது பெயிண்டாகத் தெரியவில்லை. வாதாடாமல் போன அந்த மனிதர் ஒவ்வொரு டின்னிலிருந்தும் பேசுவது போல இருந்தது.

இதற்கிடையில் அவரை ரோட்டோரப் பட்டறைகள் எதிலும் சேர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன். 'டின்னைத் திறந்து போடுகிறவன்' என்ற பேர் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி ஏற்றுகிறார் என்றார்கள்.

அப்போது நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். ஒரு டின் காய்ந்திருந்தால் போதும், என் பொய் பொய்யாக இருக்காது என்று தோன்றியது. பெரிய சிவப்பு எனாமல் டின் ஒன்றின் மூடியை நெம்பித் தளர்த்தி, வெயில் சுவர் ஓரமாக வைத்தேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு திறந்தேன். ஓரத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக ஆடை கட்டியிருந்தது. அந்த ஆடையே அவர் படுக்க வைத்த பிளாஸ்டிக் தாளின் விளிம்பை ஒட்டி அடைத்திருந்தது. தாளை உரித்தேன். கீழே சிவப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல், ஈரமாக மின்னியது. கூரையில் ஆணி போன ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் அதன் நடுவில் ஒரு புள்ளியாக நின்று நடுங்கியது. நான் கெடுக்க நினைத்தும் அது கெடவில்லை. அந்த டின்னின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதரின் கைவேலை, அவருக்குத் தீங்கு செய்தவனின் கையையும் தாண்டி நிற்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

சொன்னது

அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வாயத் தொறக்க இத்தன நாளாச்சா உனக்கு?" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்னப்பா? அந்தாளுகிட்டப் போய்ச் சொல்லு. திரும்ப வரச் சொல்லு."

மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறினேன். மண்டியில் சின்னப்பன் தலையில் சும்மாடு கட்டி, லாரியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரெஜினா கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று சின்னப்பன் கேட்கவில்லை.

"டின்னெல்லாம் எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒன்னுகூட காயலண்ணே."

"அந்த க்ரீம்? அடியில கொஞ்சூண்டு இருந்துச்சே?"

"அதுவும்."

"ஏ ரெஜினா, கேட்டியா? க்ரீம் கூட காயலயாமா!" என்றார். அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. மறுபடி குனிந்துகொண்டார்.

சிவப்பு டின்னைத் தளர்த்தி வைத்ததைச் சொன்னபோதுதான் சின்னப்பன் முகம் மாறியது.

"எம்மேல பழி போட்டது போவுதுங்க சார். பயத்துல சொல்லிட்டீங்க. நல்ல பெயிண்ட்டப் போயி வேணும்னே காய வெக்கப் பாத்தீங்களே, அது எப்பிடிங்க மனசு வந்துச்சு?"

முதலாளி சொன்னதைச் சொன்னேன்.

"திரும்ப வாங்கண்ணே. முதலாளி கூப்பிடறாரு."

"வேலைக்கு வரமாட்டங்க. ஒரு நாள் வரன். எல்லாரும் டீ குடிக்கற நேரத்துல வரன். எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுங்க. சத்தமா சொல்லோணும். பக்கத்துப் பட்டறக்காரனுங்களயும் கூப்பிட்டு வெச்சிருங்க."

சொன்னபடி வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. நான் எல்லோர் முன்பும் நின்று சத்தமாகச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். தகர வேலை பார்க்கும் டின்கர் ஒருவர் தரையில் துப்பினார். சின்னப்பன் டீயைக் குடித்து முடித்து கிளாசை வைத்துவிட்டு, "அந்தச் செவப்பக் குடுங்க" என்றார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே அது தளும்பிற்று. எடுத்துக்கொண்டு போனார். நான் அந்த வேலையில் அதிக நாள் இருக்கவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. டீ நேரத்தில் உட்கார முடியவில்லை.

பிறகு சின்னப்பன் தன் ஊரிலேயே சொந்தமாக ஷெட் போட்டார். டிராக்டர், டிரெய்லர் எல்லாம் அங்கே வந்தன. போர்டு அந்தச் சிவப்பில் எழுதப்பட்டது. வேறு வேலையில் இருந்த நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்குவேன். முதலில் பல தடவை, ஸ்டோர் ஷெல்ஃப் பக்கம் நான் நகர்ந்தால் அவர் நடுவில் வந்து நிற்பார். ஒரு நாள் வேலை முடிந்ததும், பாதி எடுத்த நீல டின்னையும் பலகையையும் சுத்தியலையும் என்னிடம் நீட்டினார்.

"மூடுங்க."

விளிம்பைத் துடைத்தேன். தாளை வெட்டிப் படுக்க வைத்தேன். பலகை வைத்துச் சுற்றித் தட்டினேன். கொடுத்தேன். வாங்கியவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூடியின் விளிம்பை விரலால் ஒரு முழுச் சுற்றுத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகுதான் ஷெல்ஃபில் வைத்தார்.

அதன் பின் போகும்போதெல்லாம் எனக்கென்று ஒரு டின் காத்திருக்கும். மூடிக் கொடுப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் விரலால் சுற்றித் தடவிப் பார்ப்பார். ஒரு தடவைகூடப் பார்க்காமல் வைத்ததில்லை. அது அவருடைய உரிமை என்பதால், அவர் பார்த்து முடிக்கும்வரை நான் எழுந்து நிற்பேன்.