சனிக்கிழமையும் பள்ளிக்கூடம்

பள்ளி நாட்களைக் கூட்ட வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஆறாம் வகுப்பும் அக்கா பத்தாம் வகுப்பும் படித்த வருஷம், காரமடைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் அரசுப் பள்ளியில் தேர்ச்சி குறைந்துவிட்டதென்று மேலிடத்தில் கூடிப் பேசி மருந்து கண்டுபிடித்தார்கள். இனி எல்லாச் சனிக்கிழமையும் பள்ளி உண்டு. அரையாண்டு விடுமுறையிலும் பாதி வெட்டு.

பெண்பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு கக்கூஸ். அதில் தாழ்ப்பாளும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காலையில் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கிளம்பிப் பழகியிருந்தோம். அதுவும் பாடத்திட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்திருந்தேன். அந்த வருஷம் வந்த பணத்தில் பள்ளி வாசலில் ஒரு வளைவு கட்டி ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள்.

மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். ஷிப்டு முடிந்து தூங்காமல் கூட்டத்துக்கு வந்தவள், "ஏனுங்க சார், நாளு கூட்டறது இருக்கட்டுங்க. பொம்பளப் புள்ளைங்க போற எடத்துக்குத் தண்ணி விடுவீங்களா?" என்று கேட்டாள். தலைமையாசிரியர் கோபப்படவில்லை. எங்கள் பக்கத்தில் கையை விரித்தாலும் மரியாதையாகத்தான் விரிப்பார்கள். "அதுக்கு மோட்டார் வேணுமுங்க அம்மணி, பணம் ஒதுக்கலீங்க. நாளு கூட்டறதுக்குச் செலவே இல்லீங்களே," என்றார். தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அம்மாவும் போட்டாள்.

அக்கா மாதத்தில் நான்கைந்து நாள் பள்ளிக்கு வரமாட்டாள். முன்பெல்லாம் அதில் இரண்டு நாள் சனி, ஞாயிறில் கழிந்துவிடும். காய்ச்சல் என்று அவள் எழுதும் விடுப்புக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து அது பொய்க்காய்ச்சல் என்று நானே கண்டுபிடித்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, நான் மட்டும் பை தூக்க வேண்டியிருந்த கடுப்பில், தலைமையாசிரியரிடமே போய், "அக்காளுக்குக் காய்ச்சலே இல்லீங்க சார். ஊட்டுல சும்மா படுத்திருக்குதுங்க," என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவை வரச்சொன்னார்கள். ஆசிரியர்கள் அறையில் ஆண்கள் நான்கு பேர் இருந்தார்கள். சாட்சிக்கு என்னையும் நிறுத்தி, வருகை நாள் குறைகிறது, பொதுத்தேர்வுக்கு அனுப்ப முடியாது, பிள்ளை ஏன் வருவதில்லை என்று விசாரித்தார்கள். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் தண்ணீர் கேட்ட அம்மா, அன்று முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். இரண்டு முறை சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். கடைசியில், "இனி அனுப்பலீங்க," என்றாள்.

உண்மை பேசியதற்காக எனக்கு வகுப்பில் கைதட்டச் சொன்னார் தலைமையாசிரியர். அதை அக்காவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன். அவள் புத்தகங்களையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மட்டுமல்ல, எந்தக் கிழமையும் இனி பள்ளிக்கூடமே இல்லாத அதிர்ஷ்டக்காரி எதற்காக இப்படி அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.