மார்த்தா அத்தையின் வரிப் படிவத்தை நிரப்பியவள்

சென்ற சனிக்கிழமை டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்தபோது, சாரம் பகுதியில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மார்த்தா அத்தை அதிகாலையில் இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னார்.

அத்தை அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவர். ஓய்வு பெற்று, தம்பி ஜோசப் மாமாவின் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். என்னிடம் நாவல்கள் வாங்கிப் படிப்பார். முடிவு பிடிக்காவிட்டால் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வேறு முடிவு எழுதுவார். நூலகப் புத்தகங்கள் என்பதால் நான் உட்கார்ந்து அழிப்பேன்.

வந்த ஆண்டே அவர் அமெரிக்காவுக்கு வரிப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்திருந்ததால் என்னைக் கூப்பிட்டார். "நீதான் இங்கிலீஷ் புலியாச்சே, எழுதுடி. நான் கையெழுத்துப் போடறேன்."

'ராத்' என்ற ஓய்வுக்காலக் கணக்கில் அவர் பணம் போட்டிருந்தார். அப்பா ஒவ்வொரு பிப்ரவரியிலும் அலுவலகத்தில் சேமிப்பு ரசீதுகளைக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதேபோல அந்தத் தொகையையும் வருமானத்திலிருந்து கழித்து எழுதிவிட்டேன். குறிப்புகளைப் படிக்கவில்லை. ராத் கணக்கில் போடுவது வரி கட்டிய பிறகு மிஞ்சும் பணம். பின்னாளில் எடுக்கும்போதுதான் வரி கிடையாது. போடும்போது கழிக்கக் கூடாது.

மறு ஆண்டு பாக்கி கேட்டுக் கடிதம் வந்தது. அதற்குள் அத்தையைப் புற்றுநோய் பிடித்திருந்தது. இதை யார் எழுதினார்கள் என்று மாமா கேட்டபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அத்தை என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான்டா எழுதுனேன். தப்பாயிடுச்சு."

நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று மாமா செக் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். பால்காரருக்குக் கொடுக்கவும் அத்தை தம்பியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒருநாள் அழுதேன். "மொதல்ல பரீட்சைய எழுது. அவன் எங்க ஓடிடப் போறான்" என்றார்.

பரீட்சை வியாழக்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமை முழுவதும் என் கையில் இருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை.

அடக்கத்தின்போது, கடைசியில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று பலர் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடைசி வாரத்திலும் மருந்துகளின் பெயரைப் படித்து, வேளை தவறாமல் தாமே எடுத்துக்கொண்டவர் அவர்.

நேற்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவள கொழந்த மாதிரி நடத்திட்டனேம்மா" என்றார், என்னைத் திட்டாமல்.

மேலே அத்தையின் வெள்ளைப் புடவை இன்னும் கொடியிலேயே கிடந்தது. எடுத்து மடித்து வைத்தேன்.

போய் வாருங்கள், அத்தை. நீங்கள் எதையும் தப்பாக எழுதவில்லை.